மூன்றாம் நம்பர் டெலிபோன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் குடித்திருந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் கப்பலில் காப்பிதான். நள்ளிரவும் இல்லை. 1968 ஆகஸ்ட், பசிபிக் நடுக்கடல், பட்டப்பகல் மூன்று மணி.

கப்பல் பெயர் ‘கேப் ஹார்லன்’. கலிஃபோர்னியாவிலிருந்து சோதனைக்கு விடும் ஏவுகணையைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்காக மேல்தளத்தில் பெரிய பெரிய ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இரும்பு அறை. உள்ளே ஆளுயரப் பல்சக்கரங்கள், எங்களோடு பேச ஒரு டெலிபோன். கிரீஸ் போட உள்ளே போகிறவன், தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை எங்கள் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த ஆன்டெனாவின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வில்லை தொங்கினால் அந்த ஆன்டெனாவை யாரும் திருப்பக் கூடாது. திருப்பினால் உள்ளே இருப்பவன் கூழ்தான்.

அந்த வருடம் பழைய ஆன்டெனாக்களைக் கழற்றிப் புதியவற்றை ஏற்றியிருந்தார்கள். மூன்றாம் நம்பர் நின்ற அதே இரும்பு அறையின் மேல் ஒரு ராட்சதத் தட்டு. அதற்கு ஒன்றாம் நம்பர் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நம்பர் என்று இப்போது எதுவுமே இல்லை. அதன் டெலிபோன் மட்டும் எங்கள் அறைச் சுவரில் சும்மா கிடந்தது. பலகையில் மூன்றாம் கொக்கியில் நாங்கள் தொப்பிகளை மாட்டினோம்.

3:04. ஏவுகணை கிளம்பிவிட்டது. 3:24க்குள் ஒன்றாம் நம்பரை வடகிழக்கே திருப்பியாக வேண்டும். பலகையைப் பார்த்தேன். ஒன்றாம் கொக்கி காலி. பொத்தானில் கை வைத்தேன்.

ட்ரிங்... ட்ரிங்...

மூன்றாம் நம்பர் டெலிபோன்.

எடுத்தேன். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல்.

“ரெண்டு பேர் உள்ளே இருக்கோம். திருப்பிடாதே.”

“யாருப்பா அது?”

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

“என்னய்யா வேடிக்கை பார்க்கிறே?” அதிகாரி பென்ராட் கத்தினார். “திருப்பு லாய்ட்!”

“உள்ளே ஆள் இருக்குன்னு சொல்றாங்க சார்.”

“கொக்கி காலியாத்தானே இருக்கு? கண்ணு அவிஞ்சு போச்சா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து மெர்லைக் காணோம். மெர்ல் என் தங்கை டாட்டியின் புருஷன். ஆறு வருடம் இதே கப்பலில் கிரீஸ் போட்டவன்.

தொப்பிகளை வாரிக் கீழே எறிந்தேன்.

மூன்றாம் கொக்கியில் அவன் வில்லை தொங்கியது. கை பழைய பழக்கத்தில் அங்கே போயிருக்கிறது, பாவி!

மின்சாரத்தை அணைத்துவிட்டு ஓடினேன். ஏணியில் ஏறும்போது அழுதுகொண்டே ஏறினேன், சொல்வதற்கு வெட்கமில்லை. டாட்டி அப்போது ஏழு மாதம். கடவுளே... கடவுளே...

3:15. தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் அடித்துத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. மெர்ல் சக்கரத்தின் மேல் சரிந்து கிடந்தான். உயிர் இருந்தது.

தோளைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன்.

“மச்சான்... இன்னொருத்தன் எங்கே?” என்றான்.

“எவன்டா?”

“தூங்காதே, தூங்காதேன்னு என் முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தானே...”

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரம். கிரீஸ் டப்பா. வேறு யாரும் இல்லை. சூட்டில் உளறுகிறான் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன்.

3:22. மறுபடி என் இடத்தில். மின்சாரம் போட்டேன்.

ட்ரிங்...

“அதை விடு! திருப்பு!” பென்ராட்.

ட்ரிங்... ட்ரிங்...

மெர்ல் வெளியே வந்துவிட்டான். இனி என்ன?

3:23. பொத்தானை அழுத்தினேன்.

ஆன்டெனா திரும்பியது. ஓரிடத்தில் ‘க்ரக்’ என்று திணறியது. பிறகு ஓடியது.

மணி நின்றது.

ஏவுகணையைப் பிடித்துவிட்டோம். பென்ராட் முதுகில் தட்டிக் கொடுத்தார். மெர்ல் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தான்.

ஒரு வாரம் கழித்து, கப்பல் கட்டிய நாளிலிருந்து இருக்கும் எலக்ட்ரீஷியன் நெல்ஸிடம் அந்த டெலிபோனைப் பற்றிக் கேட்டேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

“மூணாம் நம்பர் போனா? விளையாடாதே. அந்த வயரை வெட்டினதே நான்தான்.”

“அடிச்சுது நெல்ஸ். நான் பேசினேன்.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு சொன்னார்.

“அறுபத்திரண்டுல ஆர்வில் டக்கெட்னு ஒருத்தன். அதே அறைக்குள்ளே மாட்டிக்கிட்டான். வில்லையை மாட்ட மறந்துட்டான். உள்ளேருந்து போன் அடிச்சிருக்கான்யா... அடிச்சுக்கிட்டே இருந்திருக்கான். லைன்ல கோளாறுன்னு நினைச்சு யாரும் எடுக்கல. திருப்பிட்டாங்க.”

படியில் உட்கார்ந்தேன்.

இரண்டு பேர் உள்ளே இருக்கிறோம் என்றுதான் அவன் சொன்னான். நான் ஒருவனைத்தான் வெளியே எடுத்தேன்.