பாதிவிலையின் பாக்கி

கோர்ட்டில் தோற்றுவிட்டு வந்து தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்ட ஒரே ஆள் என் அத்தான்தான். அக்காவின் கணவர் என்பதால் உறவு. இல்லாவிட்டால் அந்த மனிதர் வரும் பக்கம் நான் போகமாட்டேன். பழைய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி, தட்டிக்கொட்டி விற்பது அவர் தொழில். தெருவில் அவருக்குப் பெயர் 'பாதிவிலை'. யார் எதற்கு என்ன விலை சொன்னாலும், பொருளைப் பார்ப்பதற்கு முன்பே பாதிக்குக் கேட்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், பல் ஏற்கெனவே ஆடுகிறது, பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது என்று டாக்டரிடம் பேரம் பேசியவர்.

அப்படி அவர் வாங்கிப் போட்ட சாமான்களோடுதான் அக்கா கல்யாணமான நாளிலிருந்து குடித்தனம் நடத்துகிறாள். ஃபிரிட்ஜ் கதவு மூடாது, கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ஃபேனில் ஓர் இறக்கை மட்டும் வேறு நிறம். அது சுற்ற ஆரம்பித்தால் கீழே படுத்திருப்பவர் எழுந்து தள்ளிப் படுப்பார். அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பில் இடது கால் ஓர் அளவு பெரிது. நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்றாராம். செருப்பா, காலா என்று அவள் கேட்கவில்லை. நானாக இருந்தால் அந்தச் செருப்பாலேயே கேட்டிருப்பேன்.

சாமான் ஏற்றி இறக்க வேன் வேண்டும் என்று வங்கியில் கடன் வாங்கினார். அக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாள். வேனையும் சும்மா வாங்கவில்லை. எங்கேயோ மோதி நசுங்கிய வண்டியைப் பேசி முடித்து ஓட்டி வந்தார். அது ரோட்டில் ஓடியதைவிட மெக்கானிக் கடையில் நின்றதுதான் அதிகம். தவணை நின்றது. வங்கி நோட்டீஸ் அனுப்பியபோது, அவன் இப்போதுதான் விலை சொல்ல ஆரம்பித்திருக்கிறான் என்று அதை மடித்து ஆடுகிற மேஜைக்கு அடியில் வைத்தார். வங்கி வழக்குப் போட்டது. அசல், வட்டி, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கணவன் மனைவி இருவரும் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். இவர் நேராக வங்கி மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்து பேரத்தை ஆரம்பித்தார். இந்த ஆளிடம் கிடைத்தவரை போதும் என்று மேனேஜரும் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டார். வேனை விற்று அந்தப் பணத்தைக் கட்டினார். அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கோர்ட் சொன்ன தொகையையே குறைச்சுட்டேன் மாப்ள. எவனால முடியும் சொல்லு."

எவனாலும் முடியாது என்று ஒப்புக்கொண்டேன். எவனும் அதைச் செய்யமாட்டான் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு வீட்டைத் தாங்கியது அக்காதான். கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சலவைக் கடை வைத்தாள். லாட்ஜ் படுக்கை விரிப்பும் ஆஸ்பத்திரி கோட்டும் மூட்டை மூட்டையாக வரும். பின்பக்கம் ஜன்னல், எந்நேரமும் தண்ணீர் வரும் குழாய், துணி காயப்போடப் பெரிய மொட்டை மாடி. அறையின் சொந்தக்காரர், தனியாக இருந்த பெரியவர், வெளிநாட்டில் மகனோடு போய் இருக்க முடிவு செய்தார். போவதற்குள் அறையை விற்க வேண்டும். முதல் உரிமை அக்காவுக்கு என்றார். பக்கத்து மருந்துக் கடைக்காரருக்கும் அந்த அறை மேல் கண். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து டேப்பை நீட்டிச் சுவரை அளந்துவிட்டுப் போவார். அறை போனால் அக்காவின் பிழைப்பும் போகும்.

அவள் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அம்மாள் அக்காவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். வேன் கடன், கோர்ட் தீர்ப்பு, கீழே ஒரு வரி: முழுதாகக் கட்டவில்லை, குறைத்துக் கட்டி முடித்தது. அந்த வரி இருக்கும்வரை எந்த வங்கியும் கடன் தராது என்றார்.

"அவர் அதை மிச்சம் பிடிச்சேன்னு சொன்னாரே" என்றாள் அக்கா.

"மிச்சம் இல்லம்மா. அது உங்க பேர்ல நிக்குது."

வழியையும் அவரே சொன்னார். அன்று தள்ளிவிட்ட தொகையைப் பழைய வங்கியில் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி, அதைக் கோர்ட்டிலும் பதிந்துவிட்டு வர வேண்டும். நீராவி இஸ்திரிப் பெட்டியை அக்கா தன் பெயரில் தவணைக்கு வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் கட்டியிருந்தாள். அது கைகொடுக்கும் என்றார்.

மறுவாரம் சலவைக் கடையில் சேர்த்த பணத்தை எல்லாம் எடுத்து அக்கா அத்தானிடம் கொடுத்து அனுப்பினாள். கடனில் முதல் பெயர் அவருடையது, அவர்தான் போக வேண்டும். பேசாமல் கட்டிவிட்டு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

மத்தியானம் பாதிவிலை சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்து, இஸ்திரி மேஜை மேல் ஒரு கட்டு நோட்டை வைத்தார்.

"வட்டியில கால்வாசி தள்ளச் சொல்லிட்டேன். மிச்சம்."

அதாவது, குறைத்துக் கட்டிய கறையைத் துடைக்கப் போன இடத்தில் மறுபடியும் குறைத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்த வரி அப்படியே இருக்கும். இந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. மூளையையும் எங்கேயோ பாதி விலைக்குத்தான் வாங்கியிருக்கிறார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நோட்டுக் கட்டை அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

"நாளைக்கு இதைக் கட்டிட்டு வாங்க. ஒரு காசு குறைஞ்சாலும் வீட்டுக்கு வராதீங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். இந்தக் காட்சியை விடுவேனா? மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கையெழுத்தாகிவிட்டது, கணக்கை மூடியாகிவிட்டது, இனி பணம் வாங்க வழியில்லை. அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழைந்தார், குடும்பக் கஷ்டத்தைச் சொன்னார், மேனேஜரின் சட்டையைப் புகழ்ந்தார். கடைசியில் தன் பழைய வித்தையை எடுத்தார்: விருட்டென்று எழுந்து வாசல்வரை போனார். கடைக்காரர்கள் எப்போதும் அந்த இடத்தில்தான் அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். இங்கே யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானாகவே திரும்பி வந்தார். கவுண்டரில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு இனித்தது.

"மேல வேணும்னாலும் போட்டுத் தரேன் சார்" என்றார். பிறகு குரலை இறக்கி, "என் பேரு எப்படியும் போகட்டும். அவ பேரு சார்" என்றார்.

இந்த ஒரு பேச்சுக்காக அவரை மன்னித்துவிடலாம் என்று என் மனைவி சொல்கிறாள். நான் மன்னிக்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். மேனேஜர் பெருமூச்சு விட்டு, மேலிடத்துக்கு இரண்டு மூன்று முறை போன் போட்டு, கணக்கைத் திறந்து பணத்தை வாங்கிக்கொண்டார். வெளியே வந்த அத்தான், யாரோ பையை அடித்துக்கொண்டு போன மாதிரி வழியெல்லாம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நடந்தார்.

கோர்ட்டில் பதிந்தோம். அந்த வரி மாறும்வரை அக்கா சரியாகத் தூங்கவில்லை. அதற்குள் மருந்துக் கடைக்காரர் மறுபடியும் டேப்போடு வந்துவிட்டுப் போனார். ஒருவழியாக வரி மாறியது, கடனும் கிடைத்தது. பெரியவரிடம் விலை பேசி முடிக்கும் நாளில், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அத்தானை வெளியே ஸ்டூலில் உட்கார வைத்தாள் அக்கா. பெரியவர் ஒரு விலை சொன்னார். அக்கா சரி என்றாள். ஸ்டூலிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

பெரியவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று அவருடைய பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்தேன். உன் அக்கா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிறையவே குறைத்திருப்பேன், அதற்காகவே கூட்டிச் சொன்னேன் என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி கோட்டு ஒன்றின் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தித் தேய்த்தாள்.

"தெரியும்டா. பெரியவர் முகத்துலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"என் வீட்டுல எல்லாமே பாதிக்கு வந்தது. ஒன்னாவது முழுசா இருக்கட்டும்."

பெரியவர் விலையைக் கூட்டிச் சொன்னதை அத்தானிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.