சகாயமேரியின் தோளும் பின்னால் வைத்த லிவரும்

மரக்காணத்து உப்பளத்தில் வலியைப் பற்றிப் பேசுகிற வழக்கம் கிடையாது. கை வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் மேஸ்திரி திட்டக்கூட மாட்டார். "சரி, வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்று கரிசனமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தியை இறக்கிவிடுவார். சகாயமேரி கல்யாணமாகி வந்த புதிதிலேயே இதைக் கற்றுக்கொண்டாள். பாத்தியில் பின்னுக்கு நடந்தபடியே பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்க்கிற வேலை. வலது தோள் முரண்டு பிடித்த நாட்களிலும் உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கடைசியில் ஒருநாள் தோளே கழன்று இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏற்றிக் கட்டி அனுப்பினார்கள். அன்றிலிருந்து முழங்கையைப் பின்பக்கமாகத் தூக்கினால் மட்டும் எலும்புக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும். மற்றபடி அது சாதுவான தோள்தான்.

உப்பளம் இனி ஆகாது என்றான பிறகு, பெரிய முதலியார்சாவடியில் சுப்ராயன் என்பவர் நடத்துகிற சின்னக் காற்றுத் துப்பாக்கிப் பட்டறையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். சுட்டுப் பார்க்கிற ஆள் ஒருநாள் லீவு போட, யாராவது சுடுங்கப்பா என்று சுப்ராயன் அலுத்துக்கொள்ள, இவள் எடுத்துச் சுட்டாள். குறி தப்பவில்லை. அவளுக்கே ஆச்சரியம்தான், ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அதிலிருந்து டெஸ்டிங் வேலை அவளுடையதாயிற்று. ஒவ்வொரு துப்பாக்கியையும் பின்கட்டு ஷெட்டுக்குள் எடுத்துப்போய், மணல் மூட்டைக்கு முன்னால் ஒட்டிய காகிதத்தில் சுட்டுப் பார்த்து, பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். தலைக்கு மேல் ஃபேன், உட்கார நாற்காலி, மாதச் சம்பளம். கணவன் அந்தோணிராஜ் இன்னும் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருக்க, தனக்கு மட்டும் ஃபேன் காற்று கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமும் நிறையப் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தது புல்பப் என்கிற புது மாடல். சாதாரணத் துப்பாக்கியில் குண்டு போகிற அறை, விரலால் அழுத்துகிற விசைக்கு முன்னால் இருக்கும். புல்பப்பில் அதை விசைக்குப் பின்னால், கன்னம் சாய்கிற இடத்துக்கே தள்ளிவிடுவார்கள். நீளம் குறையும், கைக்கு அடக்கமாக இருக்கும். டிசைன் போட்ட இன்ஜினியர் கௌதமன், அறை போன இடத்துக்கே லிவரையும் கொண்டுபோய்விட்டான். ஒவ்வொரு குண்டையும் ஏற்ற அந்த லிவரை இழுத்தாக வேண்டும். அது காதுக்குக் கீழே, தோளை ஒட்டி இருந்தது. இழுக்க வேண்டுமானால் முழங்கை கோழி இறக்கை மாதிரி பின்னால் மேலே எழும்ப வேண்டும். சகாயமேரியின் தோள் இந்த உலகத்தில் செய்யமாட்டேன் என்று சொன்ன ஒரே காரியம் அதுதான்.

முதல் தடவை இழுத்தபோதே கண்ணில் நீர் முட்டியது. வெளியே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் உப்பளத்தில் படித்த பாடம் லேசில் போகுமா? ஷெட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் போகலாம் என்பது பட்டறையின் சட்டம். அது வசதியாகிவிட்டது. துப்பாக்கியின் பின்கட்டையைத் தொடையில் ஊன்றி, முனையை மணல் மூட்டைப் பக்கமே வைத்து, வலது கையால் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் லிவரை இழுத்தாள். பிறகு தோளில் ஏற்றிச் சுட்டாள். வேலை நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகவே நினைத்தாள்.

பெட்டியில் போட்ட துப்பாக்கிகள் மேலே வைக்கிற தொலைநோக்கிக்காக அலமாரியில் காத்துக் கிடந்தன. அது வந்து சேர்ந்த அன்று பெட்டிகளைத் திறந்த சுப்ராயன், மூன்று துப்பாக்கிகளை மேஜையில் வரிசையாக வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். மூன்றிலும் கறுப்புக் குழலைச் சுற்றி நான்கு விரலும் கட்டைவிரலுமாகப் பழுப்பு நிறத் துரு பிடித்திருந்தது.

"சார், புல்பப்ல குழல் மேல யாரும் கை வைக்கத் தேவையே இல்ல. சுடுறவங்க கை இங்க வராது. இது பேக்கிங்ல நடந்திருக்குது" என்றான் கௌதமன்.

பேக்கிங்கில் இருந்தவள் ஷாலினி, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். "நான் துணி போட்டுத்தான் சார் தூக்குறேன்" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சகாயமேரி ஷாலினியைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வேலை போச்சு. திறக்காவிட்டால் இந்தப் பெண்ணின் வேலை போச்சு. மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது என் கை சார்."

சொன்னதோடு நிற்காமல் குழல் மேல் கையை வைத்தும் காட்டினாள். விரலுக்கு விரல் பொருந்தியது. அங்கே ஏன் பிடித்தாய் என்று கேட்டதற்கு, தொடையில் ஊன்றி இடது கையால் இழுத்துக் காட்டினாள். தோள் கழன்ற கதையையும் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எல்லாரும்தான் கை கழுவிட்டு தொடுறோம். உன் கைக்கு மட்டும் ஏம்மா துரு பிடிக்குது?" என்றார் சுப்ராயன்.

"நானும் கழுவுறேன் சார். என் பாட்டில் தண்ணியில."

"இங்க வெச்சிருக்கிற கேன் தண்ணி என்னாச்சு?"

"அது குடிக்கிற தண்ணி சார். அதுல போய் கை கழுவுவாங்களா?"

கௌதமன் அவள் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாயிற்று. "அக்கா, இது கடல் தண்ணிக்கா."

"நல்ல தண்ணிதான் தம்பி. எங்க தெருவுல இந்த போர் தண்ணிதான் ஸ்வீட்டு" என்றாள் சகாயமேரி. அவள் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காக உப்பு நாக்கோடு இருக்கிறவர்களுக்கு எது உப்பு என்று எப்படித் தெரியும்? கேன் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பாவம், தினமும் உப்புத் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு இரும்பைப் பிடித்திருக்கிறாள்.

சுப்ராயன் நாற்காலியில் சாய்ந்தார். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வீட்ல ரெஸ்ட் எடும்மா. மனதுக்குள் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள்.

"ஏம்பா கௌதமா," என்றார் அவர், "லிவரை முன்னாடி, விசைக்கு மேல கொண்டாந்து வைய்யி, கன்னத்தை எடுக்காம இழுக்கணும்னு நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே, நீ என்ன சொன்ன?"

கௌதமன் காதைச் சொறிந்தான். "முன்னாடி வெச்சா நீளக் கம்பி குடுக்கணும், இழுவை லூசா இருக்கும்னு சொன்னேன் சார்."

"அப்புறம்?"

"மேரி அக்கா தினம் சுடுறாங்க, அவங்களே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு மட்டும் என்னான்னு கேட்டேன்."

"அதைக் கேட்டுத்தான் நானும் அடங்கிட்டேன்."

சகாயமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வலியை மறைக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். தான் வாயை மூடியிருந்ததே இந்தப் பட்டறையில் லிவர் சரி என்பதற்கு ஒரு சாட்சியாக நின்றிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நாளையிலேருந்து வரட்டுமா, வேணாமா சார்?" என்று கேட்டே விட்டாள்.

சுப்ராயன் அவளை வினோதமாகப் பார்த்தார். "குண்டு நேரா போகுதான்னு பார்க்க, துப்பாக்கிய மாட்டி வெக்கிற ஒரு ஸ்டாண்டு போதும்மா. எங்க வலிக்குதுன்னு ஸ்டாண்டு சொல்லாது. அதுக்குத்தான் உனக்கு சம்பளம்."

போன உயிர் திரும்பி வந்தது. அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். ஷாலினி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்ததால் துணைக்கு ஆள் இருந்தது. அன்று சாயந்திரம் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனாள், ஆனால் இவ்வளவு லேசாக அவள் எப்போதும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

புது லிவர் தயாராகி வந்தது. விசையிலிருந்து கையை எடுத்தால் எட்டும் இடத்தில், விரல் இரண்டை மடக்கி இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி இருந்தது. முழங்கை இடுப்பை விட்டு நகரவே வேண்டாம். சகாயமேரி கன்னத்தை எடுக்காமலே அடுத்தடுத்துச் சுட்டாள். தோள் தன் பாட்டுக்கு இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எப்படிக்கா?" என்றான் ஷெட் வாசலில் நின்ற கௌதமன்.

சூப்பர் தம்பி என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. கொஞ்சம் தயங்கினாள்.

"நல்லா வருது தம்பி. ஆனா லிவர் முனை கூரா இருக்குது. பத்து தடவ இழுத்தா விரல் வலிக்கும்."

அவன் முகம் வாடவில்லை. முனையைத் தடவிப் பார்த்து, "ஆமாக்கா, மழுக்கிடுறேன்" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அந்தோணிராஜ் படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். தெருக்குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தோள் வலிக்குது, நீ போய்த் தூக்கினு வா" என்றாள்.

பதினாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவன் கேட்காத வார்த்தை. போனை வைத்துவிட்டு எழுந்தான்.

"எப்பலேருந்து வலிக்குது?" என்று கேட்டான்.