பழைய கிராணியைத் தேடி வந்த குரல்

எண்பதுகளின் தொடக்கத்தில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தார். தோட்டத்தில் பேர் யாருக்கு வேண்டும்? அந்த வீட்டில் யார் குடியிருந்தாலும் கிராணிதான். முன்பு இருந்த கிராணி விட்டுப்போன தொலைபேசி அடித்தால், எடுத்து "கிராணி வீடு" என்பேன்.

அங்கேதான் வந்தது வினை. அந்த மனிதர் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டுக் கட்டாமல் கம்பி நீட்டியிருந்தார். வசூல்காரர் ஒருவர் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்திலிருந்து தினமும் கூப்பிடுவார்.

"கிராணி இருக்காரா?"

"கொழுந்து நிறுக்கத் தேயிலை மலைக்குப் போயிருக்காரு. ஐயா, நீங்க தேடுறது பழைய கிராணி. நாங்க புதுசு!"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க லா," என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஜன்னலில் பனி நிற்கும்போது, வெயிலடிக்கும் ஊரிலிருந்து அந்தக் குரல் வருவது கனவில் கேட்பதுபோல இருக்கும். பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும்.

அந்த மழைக்காலத்தில் என் தங்கை ஈப்போ ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்தாள். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கீழே இறங்கும் தாப்பா சாலையில் மண் சரிந்து பஸ் இல்லை. தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்றே தெரியவில்லை. மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். அதே ஆள்!

"நாசமாப் போக! என் தங்கச்சி ஈப்போ ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் கிடக்குறா. அங்கேருந்து ஃபோன் வரணும். லைன விடுய்யா!" கத்திவிட்டு அழுதேன்.

மின்விசிறிச் சத்தத்தோடு காகிதம் புரட்டும் சத்தமும் கேட்டது. பிறகு, "தங்கச்சி பேரு என்னக்கா?" என்றார். ஏனோ சொல்லிவிட்டேன். வைத்துவிட்டார்.

பனி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. விளக்குகூடப் போடாமல் கிடந்தேன். சாயங்காலம் மறுபடி மணி, மறுபடி அவரே. திட்ட வாயெடுத்தேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க புதுக் கிராணி வீடுதான்னு உங்க தங்கச்சி வீட்டுக்காரரு சொன்னாரு. இனிமே கூப்பிட மாட்டேன் லா."

நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. "பிள்ள யாரு சாயலு?" என்று கேட்டேன், என்னமோ அவர் எங்கள் சொந்தக்காரர் மாதிரி.

"பெரியம்மா சாயலாம், பிள்ளையோட அப்பா சொன்னாரு," என்றார். "எனக்கு எப்படித் தெரியும்? உங்கள நான் பார்த்ததே இல்லையேக்கா."