அமராவதி திருப்பிய டிஷ்

கல்யாணத்துக்கு முன்னால் அமராவதி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தாள். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் எழுதுவதும், சாம்பிள் சரியில்லை என்றால் தையல் செக்‌ஷனுக்கே போய்ச் சண்டை போடுவதும் அவளுக்குப் பிடித்த வேலை. குன்னத்தூரில் வாழ்க்கைப்பட்டதும் அது நின்றது. "நம்மூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லீங்க கண்ணு" என்று மாமியார் மயிலாத்தாள் மரியாதையாகத்தான் சொன்னாள். கணவர் மகுடேஸ்வரன் வாய் திறக்கவில்லை. ஆயிற்று, பதினெட்டு வருடம்.

கொழுந்தன் முருகவேல் மூன்று கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் வீடு கட்டியிருந்தான். அவன் மனைவி ஜெயசுதா டி-ஷர்ட்டில் அச்சடிக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைபவள். வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனால் தோட்டம் வரைக்கும் கேபிள் இழுக்க ஆள் வரவில்லை. போனில் பேசலாம், அதில் நெட் மட்டும் மரத்தடியில் நின்றால்தான் வரும்.

"நம்மூட்டு நெட்டையே ரேடியோவுல அங்க அனுப்பிப் போடலாம்" என்றார் மகுடேஸ்வரன். அமராவதியின் மொட்டை மாடியில் ஒரு டிஷ், தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு டிஷ். நடுவில் தென்னை மறைத்ததால் பைப்பைப் பத்தடி உயர்த்தினார்கள். இங்கே மகுடேஸ்வரன் ஏணியில் நின்று டிஷ்ஷைத் திருப்ப, அங்கே முருகவேல் கம்ப்யூட்டரில் தெரியும் சிக்னல் நம்பரைப் போனில் கத்தினான். "மைனஸ் எண்பதுங்கண்ணா... எழுபது... அம்பத்தெட்டு! அங்கியே வுடுங்க!" நம்பர் குறையக் குறையச் சிக்னல் பலம்.

மயிலாத்தாள் ஏணியின் கீழே நின்று டிஷ்ஷுக்கும் திருநீறு பூசச் சொன்னாள். "சின்னவ ஊட்டுல இருந்துட்டே சம்பாதிக்கறா. கெட்டிக்காரி" என்றாள். அமராவதி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரண்டு டம்ளர்களை அவள் ஏன் அத்தனை நேரம் கழுவினாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜெயசுதா வரைந்த மீன்கொத்திப் படம் ஒரு பையருக்குப் பிடித்துப்போனது. அந்தப் படம் அச்சடித்த சட்டையில் ஒன்றை அமராவதியின் மகள் அக்ஷராவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்ஷரா அதைத் துவைக்கக்கூடக் கழற்றவில்லை. "எங்க சித்தி வரைஞ்சது" என்று தெருவெல்லாம் சொன்னாள். ஒருநாள், "நீங்க என்ன வேலைம்மா பாத்தீங்க?" என்றும் கேட்டாள்.

மறுநாள் காலை துணி காயப்போட மாடிக்குப் போன அமராவதி, வாளியை வைத்துவிட்டு, ஏணியைச் சாத்தி ஏறி, டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சாண் திருப்பினாள்.

பத்து நிமிடத்தில் ஜெயசுதாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நெட்டு போயிருச்சுங்க. அங்க டிஷ்ல லைட்டு எரியுதுங்களா?"

"எரியுது கண்ணு. இங்க எல்லாம் சரியாத்தான் இருக்குது."

பதினொரு மணிக்கு ஜெயசுதா லேப்டாப்போடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மத்தியானத்துக்குள் படம் அனுப்ப வேண்டுமாம். ஹாலில் நடுநாயகமாக உட்கார்ந்தாள். கம்பெனி மேனேஜர் போனில் "மேடம், மேடம்" என்று பேசியது அடுப்படி வரை கேட்டது. "சின்னவளுக்கு வேர்க்குது பாரு, ஃபேன வையி" என்றாள் மயிலாத்தாள். அடுத்த நாளும் ஜெயசுதா வந்தாள். டிஷ் விற்ற கடை ஆள் திங்கட்கிழமைதான் வருவான் என்றார் மகுடேஸ்வரன். தோட்டத்தில் இருந்தவரை கண்ணில் படாமலாவது இருந்தாள். இப்போது அமராவதியின் சோபாவிலேயே உட்கார்ந்து ஜெயிக்கிறாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அமராவதி மறுபடி ஏணியில் ஏறினாள். மனசு இளகி ஏறவில்லை. இன்னொரு நாள் அந்த "மேடம், மேடம்" குரலைக் கேட்க முடியாது என்றுதான் ஏறினாள். திருப்பிப் பார்த்தாள். பழைய இடம் எது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் நம்பர் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் ஆகாது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தாள்.

"சுதா, நம்பர் பாத்துச் சொல்லு. நான் மாடில நிக்கறேன்."

"மைனஸ் எம்பத்தாறுங்க்கா... எம்பத்திரண்டு... காத்துல திரும்பியிருக்குதுங்களா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "இல்ல. நான்தான் திருப்புனேன்."

போனில் தோட்டத்து மயில் அகவியது கேட்டது.

"இன்னும் ரெண்டு வெரல் கெழக்கால திருப்புங்க்கா" என்றாள் ஜெயசுதா. அமராவதி திருப்பினாள். "அம்பத்தொம்பது. வந்துருச்சுங்க." போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் முருகவேல் ஸ்பேனரோடு வந்தான். என்ன கேட்டாலும் பதில் சொல்ல அமராவதி தயாராக இருந்தாள். பதினெட்டு வருடத்தையும் கொட்டிவிடுவது என்றே முடிவு செய்திருந்தாள்.

"காத்து பலமா அடிச்சிருக்குதாட்ட இருக்குதுங்கண்ணி. சுதா சொன்னா" என்றபடி அவன் மாடியேறிப் போனான்.

"ஆமா சாமி, ஆடிக் காத்து" என்றாள் மயிலாத்தாள்.

அமராவதி அடுப்படிக்குள் போய் நின்றாள். ஜெயசுதா காட்டிக்கொடுத்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். வேலையும் அவளுக்கு, பேரும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே. கொதித்த பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் அமராவதி கையை நீட்டினாள்.