ரேஸ் டிராக் தரச் சாலை

குத்துக்கல்வலசையைத் தாண்டி, வயலாக இருந்து வீட்டு மனையாக மாறிய ஒரு நிலத்தின் வாசலில் பெரிய பலகை ஒன்று நின்றது. 'ரேஸ் டிராக் தரத்தில் தார்ச்சாலை' என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். ஒரு நாளிதழில் வாகனப் பக்கத்தைப் பல வருடம் பார்த்தவன் நான். அந்த வரியைப் படித்தபோது ஒன்றுதான் தோன்றியது: இதை எழுதியவர் ரேஸ் டிராக்கைப் பார்த்ததில்லை, தார்ச்சாலையையும் குனிந்து பார்த்ததில்லை.

அந்த மனைகளில் என் மச்சானுக்கும் பங்கு இருந்தது. மனைவியின் தம்பி. மீசை முளைத்த வயதில் துபாய்க்குப் போனவன், இந்த முறை விடுப்பில் வந்தபோது திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தான். மனைகள் விற்றால் இங்கேயே இருப்பான். விற்காவிட்டால், விடுப்பு முடிந்ததும் திருவனந்தபுரம் விமான நிலையம். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவன் மகள் மட்டும்தான் வாய்விட்டுக் கேட்பாள்: "வாப்பா, மனை வித்துட்டா?"

விற்கவில்லை. வந்து பார்த்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அப்போதுதான் முதன்மைப் பங்காளியான புரமோட்டருக்கு ஒரு யோசனை வந்தது.

"கொல்லத்துல ஒரு பையன், அண்ணாச்சி. அவங்க அப்பாவுக்கு வளைகுடாவுல பெரிய வியாபாரம். அங்கயிருந்து ஒரு காரைக் கப்பல்ல எறக்கியிருக்கான். பெட்ரோல்லயும் ஓடுமாம், கரண்டுலயும் ஓடுமாம். ஆயிரம் குதிரையாம். சீசனுக்கு அருவியில குளிக்க வருதான். அப்படியே நம்ம சைட்டுல ஒரு ரவுண்டு விடச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?" என்றேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? ரேஸ் டிராக்னு போட்டிருக்கோம்லா. ரேஸ் காரு ஓடுனாத்தான நம்புவான்?"

விளம்பரம் எழுதுபவர்கள் தங்கள் விளம்பரத்தை நம்பி நான் பார்த்ததில்லை. இவர் நம்பிவிட்டார். மனைப்பிரிவுச் சாலை போடும் முறை இவருக்குத் தெரியாததல்ல, போட்டவரே இவர்தான். செம்மண்ணைச் சமன் செய்து, மேலே கொஞ்சம் ஜல்லி தூவி, தாரைத் தெளித்து, ஒரு முறை ரோலரை ஓட்டினால் சாலை. கறுப்பாக இருந்தால் போதும். மனை பார்க்க வருகிறவரின் கார் ஒருமுறை வந்து திரும்பும் வரை தாங்கினால் போதும். அந்தக் கணக்கில் போட்ட சாலையின் மீது உலகத்தின் மிகக் கொடுமையான சக்கரங்களைக் கூப்பிட்டு ஓடச் சொன்னார்.

என்னை மைக் பிடித்து விளக்கச் சொன்னார்கள். மறுத்தேன். அன்று மாலை மச்சான் வந்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க மச்சான். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான். அவன் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. ஒப்புக்கொண்டேன்.

அந்த வகைக் கார்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நிறுவனங்கள் அழைத்துப் போய்ப் பந்தயத் தடங்களில் ஓட்டிக் காட்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் சுற்று அபாரமாக இருக்கும். பேட்டரி நிறைந்திருக்கும், டயர் பதமான சூட்டில் இருக்கும், ஓட்டுபவர் நிறுவனத்தின் சொந்த ஆள். விளம்பரத்தில் வரும் நேரம் அந்த ஒரு சுற்றின் நேரம். இரண்டாவது சுற்றிலேயே பேட்டரி சூடாகி, என்னால் இவ்வளவுதான் முடியும் என்று மின்மோட்டாருக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆயிரம் குதிரைகளில் ஒரு பகுதி லாயத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்தக் குதிரைகளின் எடை மட்டும் இறங்காது. பேட்டரியும் மோட்டாரும் காலியானாலும் காருக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கும், பிரேக் அவற்றையும் சேர்த்து நிறுத்த வேண்டும். கேட்டால், அடுத்த சுற்றுக்கு முன் ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிட வேண்டும் என்பார்கள்.

சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதித்த கார் என்பது அடுத்த பெருமை. நம்பர் பலகை, இண்டிகேட்டர், காற்றுப்பை, பாட்டுப் பெட்டி எல்லாம் வைத்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். பந்தயத்துக்கு அவை சுமை. சாலைக்கோ தரையை ஒட்டிய அதன் தாழ்வும் பட்டன் குறைந்த வழுவழு டயரும் சுமை. இரண்டுக்கும் பொருந்தாத ஒன்றை இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கிறார்கள்.

நிகழ்ச்சியன்று காலையில் சாரல் இருந்தது. சாலையில் ஓடச் சட்டம் அனுமதித்த அந்தக் கார் லாரியில் வந்தது. ஆரியங்காவு வளைவுகளையும் செங்கோட்டை வேகத்தடைகளையும் அது தாங்காதாம். சொந்தக்காரப் பையன் பின்னால் ஒரு சாதாரண இன்னோவாவில், பயணக் களைப்பில்லாமல் வந்து இறங்கினான்.

மனை வாங்குகிறவர்கள் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கடையம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள், கடையநல்லூரிலிருந்து சில துணி வியாபாரிகள், முன்வரிசையில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர். ராயகிரிக்காரர். அவர் வாங்கினால் அவர் ஆட்களும் வாங்குவார்கள் என்று மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுவண்டி என்று ஒன்று கண்ணில் பட்டால் அதற்குப் பூப் போடாமல் இங்கே யாராலும் இருக்க முடியாது. புரமோட்டர் ஆலங்குளத்திலிருந்து செண்டிப்பூ வலை வரவழைத்திருந்தார். கல்யாணக் காருக்குப் போடுவது போல, காரின் இரண்டு பக்கமும் வலையை விரித்துக் கட்டிவிட்டார்கள். பக்கவாட்டில் பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பெரிய வாய்கள் உண்டு, இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் காற்று போகும் வழி. அவை சரியாக மூடப்பட்டிருந்தன.

"அந்தப் பூவை எடுத்துருங்க. காத்து போகாது" என்றேன்.

"ஓட்டை ஓட்டையா இருந்துச்சு அண்ணாச்சி. அதான் மறைச்சேன்" என்றார் புரமோட்டர்.

பையனுக்குப் படம் எடுப்பவர்கள் முக்கியம். "குழப்பமில்ல சேட்டா, ஸ்லோ ஆயிட்டுத்தான் போவேன்" என்றான்.

மலையாளத்தில் குழப்பம் என்றால் சிக்கல். மெதுவாகப் போவதுதான் சிக்கல். இந்தக் கார்களுக்கு வேகம்தான் விசிறி. நாதஸ்வரம் முன்னே போக, கார் நடைவேகத்தில் பின்னே வந்தது. முதலில் மின்சாரத்தில், சத்தமே இல்லாமல். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. "ஏலே, வண்டி ஓடுதா, தள்ளிக்கிட்டு வாரானா?" என்று ஒருவர் கேட்டார். பாதிச் சுற்றில், முழுதாக ஏற்றாமல் வந்த பேட்டரி தீர்ந்து இன்ஜின் உறுமியது, எல்லோரும் கைதட்டினார்கள். முக்கால் சுற்றில் செண்டிப்பூ வாடும் வாசனை வந்தது. பூங்கா என்று படத்தில் குறித்திருந்த இடத்தில், ஒரு ஆட்டுக்கொட்டிலுக்கு எதிரே, கார் நின்றது. உள்ளே திரையில் ஏதோ மஞ்சளாக எரிந்தது.

"சூடாயிப் போயி" என்றான் பையன்.

"ஆயிரம் குதிரைக்கும் மூச்சு வாங்குது" என்றார் இன்ஸ்பெக்டர், யாரையும் பார்க்காமல். ஷாமியானா முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பையன் முகம் மாறிவிட்டது. பூவைப் பிய்த்து எறிந்தான். காரை ஆறவிட்டு, பிறகு நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டான். விருந்தினர்களுக்கு டீ கொடுத்தார்கள். பிறகு காரை வாசலுக்கு நேரான நீளச் சாலையின் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, எல்லோரையும் விலகச் சொன்னான். நின்ற நிலையிலிருந்து முழுப் பலத்தையும் ஒரே நேரத்தில் நான்கு சக்கரத்துக்கும் கொடுக்க அதில் ஒரு ஏற்பாடு உண்டு. அதைப் போடப் போகிறான் என்று தெரிந்தது.

"அத விடுங்க, தம்பி. வேண்டாம்" என்றான் மச்சான். வளைகுடாவில் சாலை போடும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. கேட்கிற நிலையில் பையன் இல்லை.

கார் பாய்ந்தது என்று நான் எழுத வேண்டும். நடந்தது அதுவல்ல. கார் இருந்த இடத்திலேயே இருந்தது, சாலைதான் பின்னால் பாய்ந்தது. நான்கு சக்கரத்துக்குக் கீழேயும் தார் உரிந்து, ஜல்லியோடு சுருண்டு, ஷாமியானாவின் காலடி வரை வந்து விழுந்தது. பிறகு ஈரச் செம்மண் கிளம்பியது. கார் ஒரு மாட்டுவண்டி நீளம் முன்னேறி, பக்கவாட்டில் திரும்பி, தன் பள்ளத்தில் தானே வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது. மின்மோட்டார் மட்டும் மெலிதாக முனகிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து போய், உரிந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தார்.

"பார்டர் கடைப் புரோட்டாவுலகூட இதைவிட அடுக்கு கூட இருக்கும்லே" என்றார்.

புரமோட்டர் என்னிடம் ஓடிவந்தார். மைக் என் கையில்தான் இருந்தது. "அண்ணாச்சி, சொல்லுங்க. இந்தக் காரோட பவருக்கு நாலுவழிச் சாலையே தாங்காதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நம்பியிருப்பார்கள். சொல்வதற்கு எளிதான பொய் அது. அந்தக் காரைப் பற்றி இதுவரை அச்சான எல்லாப் பொய்களையும் விடச் சிறியது. மச்சான் அந்தச் சிவந்த தடத்தின் அருகே குந்தி, ஓரத்தில் விரலை வைத்துக் கனம் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நகத்தின் அளவுக்கு மேல் இல்லை. எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"ரோடு சரியில்ல" என்றான். "காரு மேல தப்பு இல்ல. கீழ ஒண்ணுமே போடல. நான் பாத்திருக்கணும், பாக்கல. தோண்டிட்டு ஒழுங்காப் போடுதோம். போட்ட பெறகு வந்து பாத்து வாங்குங்க."

"எப்ப போடுவிய?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் மைக்கை நாற்காலியில் வைத்தான். கூட்டம் எழுந்து போகத் தொடங்கியது. புரமோட்டர் அவனிடம், "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா, மாப்ளே" என்றார்.

காரை வெளியே எடுக்க ஒரு டிராக்டர் வந்தது. ஆயிரம் குதிரைத்திறனை அது சிரமமில்லாமல் இழுத்து லாரியில் ஏற்றியது. பையன் ஐந்தருவியில் குளிக்கப் போனான். இரண்டு நாளில் அவன் வெளியிட்ட வீடியோவில் நாதஸ்வரம் உண்டு, பூ உண்டு, இன்ஜினின் உறுமல் உண்டு. சக்கரம் அசையும் கணத்தில் படம் முடிந்துவிடுகிறது. பார்த்தவர்கள் இதயம் போட்டிருந்தார்கள்.

விடுப்பு முடிந்ததும் மச்சானைத் திருவனந்தபுரத்தில் கொண்டுவிட்டேன். கிளம்பும்போது மகள் எதுவும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தில் சாலைக்கு என்று பணம் அனுப்பத் தொடங்கினான், புரமோட்டர் பேருக்கு அல்ல, நேராகச் சாலை போடுபவர் பேருக்கு.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும், ஜும்ஆ முடிந்து நான் அந்த மனைக்குப் போக வேண்டும். அவன் வீடியோவில் வருவான். பலகை இன்னும் நிற்கிறது, 'ரேஸ் டிராக்' என்ற இரண்டு சொற்களின் மேல் மட்டும் யாரோ சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். தோண்டிய பள்ளத்தில் பெரிய ஜல்லி விழுந்திருக்கிறது. மேலே என்ன இருக்கிறது என்று அவன் கேட்பதில்லை.

"ஓரத்துக்குப் போங்க மச்சான்" என்பான். "போனைக் கீழ எறக்குங்க. இன்னும் கீழ."