ரயிலை நிறுத்தியதாகச் சொன்னவன்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் பந்தலூர்ப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், படக்கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்ட என்னை விட்டால் ஆள் கிடையாது. இன்றைக்கு என் பெயரில் லாரிகள் ஓடுகின்றன. ஊரில் ஒரு வழக்கு என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சாட்சியை எடை போடும் மூளை எனக்கு அந்தப் புத்தகங்களால் வந்தது என்று யாரிடமும் சொல்வேன். ஒரு சங்கதியை மட்டும் சொன்னதில்லை.

சிலோனிலிருந்து கப்பலில் நாங்கள் வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நாலைந்து பேர் கூடுவோம். ஒரு கதையில் மலை போன்ற பலசாலி வருவான். இன்னொரு கதையில் கடலுக்கடியில் வாழ்கிறவன். இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பார்? மாதக்கணக்கில் நடந்த வழக்கு அது.

பலசாலி பக்கம் பேசுகிறவன் என் கூட்டாளி. தலைமன்னாரில் கப்பல் ஏறும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன். அன்றிலிருந்துதான் பழக்கம்.

"ஓடுற ரயிலை ஒத்தக் கையால நிப்பாட்டுனவன் நான்னு அவரே சொல்றாரேண்ணே."

"சொன்னாப் போதுமா? படம் எங்கடா?"

"எல்லாத்துக்கும் படம் போட முடியுமா?"

"கங்காணிய ஒத்தக் கையால தூக்குனேன்னு நானுந்தான் சொல்லுவேன். நம்புவியா?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டேன். அவரு சொன்னா நம்புவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது செல்லாது. எதிரி ஒப்புக்கொண்டால் செல்லும், அதுவும் கண்ணால் பார்த்திருந்தால். படம் இருந்தால் பேச்சே இல்லை. இதுதான் என் சட்டம். ஒரு வாரம் அவன், வில்லனே அந்த ரயில் கதையைச் சொல்லி நடுங்குகிற பக்கத்தைத் தேடிக் கொண்டுவந்தான். "ரயில நிப்பாட்டுனப்ப இந்த வில்லன் ஜெயில்லதானே இருந்தான்? எவனோ சொல்லிக் கேட்டதுதானே" என்று தள்ளிவிட்டேன். கொட்டகையே கைதட்டியது.

அவன் மெதுவாகச் சொன்னான். "ஆளப் பாருங்கண்ணே. இத்தன பொஸ்தகத்துல ஒரு தடவையாச்சும் பொய் சொல்லியிருக்காரா?"

"அது வேற" என்று பக்கத்தைப் புரட்டினேன்.

அந்த மழைக்காலத்தில் தோட்டத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கப்பலில் வந்தவர்களில் சிலோன் டவுன் கடைகளில் வேலைக்கு நின்றவர்களும் உண்டு. அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் இந்த வேலை. சிலோனில் செய்த வேலையை எழுதிய கூட்டாளியின் அட்டை, கப்பல் இறங்கித் தங்கிய மண்டபம் முகாமில் மழையில் ஊறி, தோட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் மை கரைந்து போயிருந்தது. அங்கே அவன் வேலை செய்ததைப் பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னால் போதும் என்றார்கள். அவன் மனைவிக்கு ஏழு மாதம். வேலை இல்லையென்றால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அவனுடைய சிலோன் தோட்டத்து ஆட்கள் எந்த ஊரில் இறங்கினார்களோ, தெரியாது. தோட்டத்து ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போனான். "அண்ணன் பேசுனா அப்பீலே கெடையாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

கிளார்க் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க, இவரு அங்க தோட்டத்துல வேல செஞ்சத நீங்க பாத்திருக்கீங்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். என் வாய் கொட்டகையில் பழகிய வாய்.

"நான் பாக்கலீங்க. அவன் சொல்லித்தான் தெரியும்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "கப்பல்ல ஒண்ணாத்தான் வந்தோமுங்க" என்றேன்.

"கப்பல்ல எல்லாருந்தானுங்க வந்தாங்க."

மறுநாள் காலையில் தனியாகப் போய், பார்த்திருக்கிறேன், நேற்று மறந்துவிட்டது என்றேன்.

"நேத்து பாக்கலைன்னீங்க. இன்னிக்குப் பாத்தேங்கறீங்க. நான் எதைங்க எடுத்துக்கறது?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"அவன் பொய் சொல்ற ஆள் இல்லீங்க."

"அத எழுத இந்தத் தாள்ல எடமில்லீங்களே."

பத்து நாளில் அறையைக் காலி செய்தான். மைசூர்ப் பக்கம் மரம் வெட்டும் வேலை என்றான். அவன் மனைவியை பஸ்ஸில் உட்காரவைத்து, பாத்திர மூட்டையை ஜன்னல் வழியாக நான்தான் ஏற்றிக் கொடுத்தேன்.

"அண்ணே, நான் உங்ககிட்ட எப்பயாச்சும் பொய் சொல்லியிருக்கேனா?"

"இல்லடா."

"அப்ப சரி" என்று ஏறிக்கொண்டான்.

வெகுகாலம் கழித்து என் லாரியில் லோடு ஏற்ற வந்த பெரியவர் ஒருவர், சிலோனில் என் கூட்டாளி சொன்ன அதே தோட்டத்தில் தான் வேலை செய்ததாகச் சொன்னார். அவன் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "அவனா? செடிய அவன் கவ்வாத்து வெட்டுறப்ப தொரையே நின்னு பாப்பாரு. நான் பக்கத்து நெரையிலதானே வெட்டுனேன்" என்றார். கண்ணால் பார்த்த சாட்சி. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அதையே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த கிளார்க் எப்போதோ மாறிப்போய்விட்டார். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று பெரியவருக்கும் தெரியவில்லை.