விளக்கில் காட்டாத கத்தி

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருக்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, மறு வாரத்துச் சுகாதாரப் பாடத்தைப் படித்துக்கொண்டே பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு நேரத்தில் ஒரே வேலை என்பது எனக்கு எப்போதுமே ஆகாது. மாட்டுத் தொழுவத்து மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று இருக்கிறதாம். துடைத்தால் போகாதாம். புண் வழியே உள்ளே போனால் தாடையைப் பூட்டிவிடுமாம். அதனால், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை நெருப்பில் காட்டிய கத்தியால்தான் அறுக்க வேண்டுமாம்.

'தாடை' என்ற இடத்தில் கை நின்றது. பென்சில் பாதி சீவியபடி இருந்தது. கத்தியைப் பார்த்தேன்.

அந்த மடக்குக்கத்தி எட்டு வருஷமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. அக்கா தன் கல்யாணத்துக்கு முன்னால் திருச்செங்கோட்டுத் தேர்க்கடையில் எனக்காக வாங்கியது. அதை என் கையில் தரவில்லை. "கையோட கை குடுத்தா அக்காளுக்கும் தம்பிக்கும் ஆகாம போயிருமாம். கீழ வெக்கறேன், எடுத்துக்க சாமி" என்று தரையில் வைத்தாள். அதைக் கொண்டு நான் செய்யாதது இல்லை. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டினேன். நான்கில் மூன்று பட்டுப்போயின. சைக்கிள் ட்யூபைச் சுரண்டினேன், நுங்கு சீவினேன், அப்பாவின் குதிகாலில் முள் எடுத்தேன். கொம்புப் பிடி ஒரு பக்கம் உடைந்துவிட்டது. தினமும் திறந்து திறந்து என் கட்டைவிரல் நகமே ஓரமாகத் தேய்ந்திருக்கிறது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலி கண்ட அன்று காலை நான் தொழுவத்தில் இந்தக் கத்தியால் எருதின் குளம்பில் ஏறிய முள்ளைத் தோண்டிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு உள்ளே வந்தால், ஊர் மருத்துவச்சி விளக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பழைய சவரக்கத்தியைச் சுடரில் புரட்டிக்கொண்டிருந்தாள். அலகு கரி பிடித்துக் கிடந்தது.

"ஏம் மருத்துவச்சி, வெளக்குச் சாமிகிட்ட வரம் கேக்கறயா?" என்றேன்.

"ஆமாஞ் சாமி. நீங்க பொறந்தப்பவும் இப்படித்தானுங்க காட்டுனேன். காட்டாம உட்டிருந்தா, இப்பக் கேலி பேச ஆளு இருக்காதுங்க."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். எனக்கு ரோஷம். என் கத்தியை வேட்டியில் இரண்டு முறை அழுத்தித் துடைத்து, முறை தவறாமல் அவள் முன்னால் தரையில் வைத்தேன். "இது சீமை எஃகு. மொகம் பாக்கலாம். அந்தக் கருக்கட்டைய ஓரமா வெச்சுட்டு இதுல அறு."

மருத்துவச்சி என் அம்மாவைப் பார்த்தாள். "படிச்ச பையன் சொல்றான், அதுலயே அறுத்துரு" என்றாள் அம்மா.

"அப்ப இதையும் ஒருக்கா வெளக்குல காட்டிர்றனுங்க."

"வேண்டாம், வேண்டாம்! பொகை புடிச்சா பளபளப்பே போயிரும்."

நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள்.

உச்சிவேளைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுகை வாசல் வரை கேட்டது. கொடியை அறுத்தது என் கத்தி என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். காத்துக்கருப்பு அண்டாமலிருக்க இரும்பு வேண்டுமென்று அந்தக் கத்தியையே கழுவிக் குழந்தையின் தலைமாட்டில் வைத்தார்கள்.

ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. வாய் திறக்கவில்லை. சொம்பு கீழே வைக்கிற சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்தது. ஜன்னி என்றார்கள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே! மடங்கிய கத்தி என்ன காவல் காக்கும் என்று போய், தலைமாட்டில் அதைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் காலையில் அம்மா கத்தியை மடக்கி என்னிடம் தந்தாள்.

பழியை அக்காமேல் போட்டார்கள். மாசமாக இருந்தவள் உச்சிப்பொழுதில் தனியாகக் கிணற்றுக்குப் போனாளாம். அவளும் நம்பிவிட்டாள். "எம்பட தப்புத்தான் சாமி. நான் போயிருக்கக் கூடாது." அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா என்று நான் தேற்றினேன். தேற்றிக்கொண்டே அவளுக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தேன். அதே கத்தியால். அவளும் தின்றாள்.

இரண்டு வருஷம் பென்சில் சீவியிருக்கிறேன் அதில்.

இன்று காலை ஊருக்கு வந்து நேரே மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன். ஆமணக்கு உடைத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். தொழுவத்து முள்ளையும் சொன்னேன். அவள் உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நெருப்புல காட்டோணும்னு எம்பட மாமியா சொன்னா. எதுக்குன்னு அவளும் சொல்லலீங்க, நானும் கேக்கல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கு உங்க பேச்சை மீறிக் காட்டியிருப்பனுங்க."

என்னைத் திட்டியிருக்கலாம் அவள்.

"அக்காளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. அவளுக்கு இப்ப எட்டாம் மாசம். இளம்பிள்ளைப் பக்கம் மாமியார் ஊட்லதான் பிரசவம். அங்க கதிரறுக்கற கருக்கருவாள்லயே கொடி அறுக்கறாங்களாம்."

அவள் கை நின்றது.

"நீ வருவயா?"

"வாரனுங்க. பெத்தெடுக்கற வரைக்கும் அங்கயே இருக்கறனுங்க. ஆனா கத்தி எம்பட கத்தி. வெளக்குப் பக்கம் நீங்க வரப்படாது."

நாளை ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடும் பஸ் கிளம்பினால் மத்தியானத்துக்குள் சேலம், அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். அக்காவிடம் எப்படித் தொடங்குவது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சரியாக வரவில்லை. கத்தியை அவள் முன்னால் தரையில் வைப்பேன். கிணற்றால் இல்லை, இதனால் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். மாமியாரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்புறம் அவள் என்னை வாசலோடு அனுப்பினாலும் அனுப்பட்டும். மருத்துவச்சி உள்ளே இருப்பாள்.